சோழவரத்தின் ஓடுபாதையும் கிரவுன் வீலின் பற்களும்

எட்டுக்கு முப்பத்தொன்பது. ஒன்பதுக்கு நாற்பத்தொன்று. ஒன்பதுக்கு முப்பத்தேழு. பத்துக்கு நாற்பத்து மூன்று. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்தியச் சாலைகளில் ஓடிய கார்களின் வேகத்தையும் இழுவையையும் தீர்மானித்தவை இவை போன்ற எண் இணைகளே. முதல் எண், எஞ்சினிலிருந்து வரும் தண்டின் முனையிலுள்ள பினியனின் பற்கள். இரண்டாவது எண், பின்னச்சுக்குள் இருக்கும் கிரவுன் வீலின் பற்கள். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் கிடைப்பது பின்னச்சின் பல்விகிதம். 39ஐ 8ஆல் வகுத்தால் 4.875. பினியன் ஏறத்தாழ ஐந்து சுற்றுச் சுற்றும்போது பின்சக்கரம் ஒரு சுற்று சுற்றும்.

ஒரு பந்தயக் காருக்கு இவற்றுள் எந்த இணை பொருந்தும் என்பது பொறியியல் நூல்களில் கணக்காக வருகிறது. சென்னையை அடுத்த சோழவரத்தில் 1950களிலிருந்து 1980களின் இறுதிவரை நடந்த கார்ப் பந்தயங்களின் பின்னணியில் வைத்துப் பார்த்தால், அதே கேள்வி பொருளாதார வரலாறாகவும் சொல் வரலாறாகவும் விரிகிறது.

சோழவரத்தில் பந்தயம் நடந்த இடம் பந்தயத்துக்காகக் கட்டப்பட்டதன்று. அது இரண்டாம் உலகப் போர்க்கால விமானத்தளம். 1942 மார்ச் 23 அன்று ஜப்பானியப் படை அந்தமானில் போர்ட் பிளேரைக் கைப்பற்றியது. ஏப்ரல் 5 அன்று கொழும்பும், 6 அன்று விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும், 9 அன்று திருகோணமலையும் விமானத் தாக்குதலுக்கு உள்ளாயின. சென்னை நகரத்து மக்கள் பெருமளவில் ஊரைவிட்டு வெளியேறினர். வங்காள விரிகுடா போர்க்களமானதால் அதன் இரு பக்கமும் ஓடுபாதைகள் தேவைப்பட்டன. போர்ட் பிளேரின் லம்பாலைனில் ஜப்பானியர் தீவு மக்களைக் கட்டாய வேலை வாங்கி ஓடுதளம் அமைத்தனர். சென்னையைச் சுற்றி ஆங்கிலேயரின் ஓடுதளங்கள் இருந்தன. போர் முடிந்தபின் லம்பாலைன் பயணிகள் விமான நிலையமாக வளர்ந்தது. 1953இல் தொடங்கப்பட்ட சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம் சோழவரத்தைப் பந்தயக் களமாக்கிக்கொண்டது. கல்கத்தாவினர் பாரக்பூர் விமானத்தளத்தில் பந்தயம் ஓட்டியதும் இதே காலத்து வழக்கம்தான். போர் விட்டுச்சென்ற கான்கிரீட்தான் சுதந்திர இந்தியாவின் முதல் பந்தயத் தடம்.

தடத்தின் இந்தப் பிறப்பு பல்விகிதக் கணக்கை நேரடியாகப் பாதித்தது. விமானம் மேலெழும்ப நீண்ட நேர்கோடு வேண்டும், வளைவு வேண்டியதில்லை. அத்தகைய பாதையைப் பந்தயத்துக்குப் பயன்படுத்தும்போது, நீண்ட நேர்ப்பாதையின் முடிவில் கூர்மையான திருப்பம், மீண்டும் நேர்ப்பாதை என்ற அமைப்பே கிடைக்கும். மலைச்சரிவு இல்லை, தொடர் வளைவுகள் குறைவு. நேர்ப்பாதையின் இறுதியில் உச்ச வேகம் வேண்டும்; திருப்பத்திலிருந்து மீளும்போது நல்ல இழுவை வேண்டும். பின்னச்சு இவ்விரண்டில் ஒன்றைக் கூட்டினால் மற்றொன்றைக் குறைக்கும்.

இதைக் கணக்கிட்டே காணலாம். ட்ரையம்ஃப் ஹெரால்டு போன்ற சிறிய காரின் சக்கரம் ஒரு சுற்றில் ஏறத்தாழ 1.75 மீட்டர் உருளும். நான்காம் கியரில் எஞ்சினும் பின்னச்சுக்குப் போகும் தண்டும் ஒரே வேகத்தில் சுழலும். பின்னச்சு விகிதம் 4.875 என்றால், எஞ்சின் நிமிடத்துக்கு 5000 சுற்று சுற்றும்போது வண்டியின் வேகம் மணிக்கு 108 கிலோமீட்டர். ஒன்பதுக்கு நாற்பத்தொன்று, அதாவது 4.55 என்றால், 115. ஒன்பதுக்கு முப்பத்தேழு, அதாவது 4.11 என்றால், 128. பற்களை மாற்றியதால் மட்டும் 20 கிலோமீட்டர் வேகம் கூடிவிட்டதாகத் தோன்றும்.

ஆனால் இந்த 128 தாளில் உள்ள வேகம். காற்றுத்தடையை வெல்லத் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடிக்கேற்ப உயரும். 108இலிருந்து 128க்குப் போக, காற்றுக்கு மட்டுமே ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கூடுதல் திறன் வேண்டும். முதல் ஹெரால்டின் 948 சிசி எஞ்சின் ஒற்றைக் கார்புரேட்டருடன் சுமார் 35 குதிரைத்திறன் தந்தது. அதற்கு 4.11 பூட்டினால் நான்காம் கியரில் எஞ்சின் தன் சிறந்த சுழற்சியை எட்டவே முடியாது. 4.875 பூட்டிய அதே கார் முந்திவிடும். பின்னச்சு எஞ்சினிடம் இல்லாத திறனை உண்டாக்குவதில்லை. இருக்கும் திறன் எந்த வேகத்தில் வெளிப்பட வேண்டும் என்பதைத்தான் தீர்மானிக்கிறது.

ட்ரையம்ஃப் நிறுவனமே இங்கிலாந்தில் இதைப் பின்பற்றியது. 948 சிசி ஹெரால்டு சலூனுக்கு 4.875 கொடுக்கப்பட்டது. அதே கொள்ளளவில் இரட்டைக் கார்புரேட்டரும் கூடுதல் திறனும் கொண்ட கூப்பே வகைக்கு 4.55. கொள்ளளவு 1147 சிசியாக வளர்ந்த ஹெரால்டு 1200க்கு 4.11. இரண்டு லிட்டர் வைட்டெஸ்ஸுக்கு 3.89. ஜி.டி.6 எனும் விளையாட்டு வகைக்கு 3.27. எஞ்சின் வளர வளர விகிதம் குறைகிறது. பற்களின் வரிசையைப் படித்தாலே அந்தக் கார்க் குடும்பத்தின் வரலாறு தெரிந்துவிடும்.

இன்னொரு குடும்பத்திலும் இந்த ஒழுங்கு உண்டு. அம்பாசடர் காரின் மூலம் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு. அம்பாசடருக்கு 1959இல் வந்த 1489 சிசி எஞ்சின், இங்கிலாந்தின் எம்.ஜி.ஏ. என்ற இரண்டு இருக்கை விளையாட்டுக் காரிலும் இருந்தது. 1950களின் நடுவில் வந்த ஆக்ஸ்ஃபோர்டின் பின்னச்சு எட்டுக்கு முப்பத்தொன்பது, எம்.ஜி.ஏ.வினுடையது பத்துக்கு நாற்பத்து மூன்று, அதாவது 4.3. குடும்பத்தோடும் மூட்டையோடும் மேடு ஏற வேண்டிய காருக்கு ஒரு விகிதம். தாழ்வான உடலும் கூடுதல் திறனும் கொண்டு காற்றைக் கிழிக்க வேண்டிய காருக்கு வேறொரு விகிதம். எஞ்சினின் அடிப்படை ஒன்றாக இருந்தும் பின்னச்சு வேறாகிறது.

இவ்வளவும் கோட்பாடு. சோழவரத்தின் நடைமுறை வேறு. 1953இல் சுங்கவரி ஆணையத்தின் பரிந்துரையை ஏற்று, உள்நாட்டிலேயே படிப்படியாக உற்பத்தி செய்யும் திட்டமுள்ள நிறுவனங்களுக்கு மட்டுமே அரசு இடமளித்தது. உதிரிகளை இறக்குமதி செய்து பூட்டிவந்த ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் வெளியேறின. கல்கத்தாவின் இந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயின் பிரீமியர், சென்னை வண்டலூரின் ஸ்டாண்டர்டு ஆகிய மூன்று நிறுவனங்களே கார்ச் சந்தையில் எஞ்சின. ஹெரால்டு 1961 முதல் வண்டலூரில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் உருவானது. சோழவரத்தின் சலூன் பந்தயங்களில் மோதிக்கொண்டவை இம்மூன்றின் கார்களே.

இங்கிலாந்தின் போட்டியாளர் ஒருவர் விலைப்பட்டியலைப் பார்த்துத் தமக்கு வேண்டிய கிரவுன்-பினியன் இணையை வாங்க முடிந்தது. இந்தியாவில் ஒரு வகைக் காருக்கு ஓர் இணைதான் தயாரிக்கப்படும் என்பதே பொதுநிலை. அதைத் தாண்ட இறக்குமதி உரிமம் வேண்டும், அந்நியச் செலாவணி வேண்டும், அல்லது வெளிநாட்டிலிருந்து வருவோரின் உதவி வேண்டும். எனவே சோழவரத்தில் ‘எந்த விகிதம் சிறந்தது’ என்ற கேள்விக்கு முன் ‘எந்த விகிதம் கிடைக்கும்’ என்ற கேள்வி நின்றது. வசதி படைத்தவர்களுக்கும் பட்டறையை மட்டுமே நம்பியிருந்தவர்களுக்கும் இடையிலான தூரத்தை இந்த இரண்டாவது கேள்வியே அளந்தது.

1980களில் விஜய் மல்லையா என்சைன் ஃபார்முலா ஒன் காரைச் சோழவரத்தில் ஓட்டியது அந்தத் தூரத்தின் மறுமுனை. அத்தகைய கார்களின் கியர்பெட்டி தடத்துக்கேற்பப் பல் மாற்றுவதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. பின்மூடியைக் கழற்றினால் கியர்ச் சக்கரங்கள் வெளியே வரும். கிரவுன் வீலைத் தொடாமலே காலைப் பயிற்சிக்கும் மாலைப் பந்தயத்துக்கும் இடையே விகிதங்களை மாற்றிவிடலாம். வீட்டுக் காரைப் பந்தயக் காராக்கியவருக்கு அது வாய்க்கவில்லை.

அவரிடம் வேறு பல் இணை இருந்திருந்தாலும் மாற்றுவது எளிதன்று. கிரவுன் வீலும் பினியனும் தொழிற்சாலையில் ஒன்றோடொன்று தேய்க்கப்பட்டுச் சோடியாகவே வெளிவருபவை. ஒரு சோடியின் பினியனை இன்னொரு சோடியின் கிரவுனோடு சேர்க்க முடியாது. புதிய சோடியைப் பூட்டும்போது மெல்லிய ஷிம் தகடுகளால் பினியனின் ஆழத்தைச் சரிசெய்ய வேண்டும். பற்களுக்கிடையே விடும் இடைவெளி மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு அளவிலானது. பிறகு பற்களில் சாயம் தடவிச் சுழற்றி, தொடுதடம் பல்லின் நடுவில் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். தடம் விளிம்புக்குப் போனால் பின்னச்சு ஊளையிடும். பந்தயத்தின் அழுத்தத்தில் பல் முறியவும் கூடும். எண்ணெயும் இவ்வகைப் பற்களுக்கென்ற கனமான எண்ணெயாக இருக்க வேண்டும். ஆகவே பந்தய நாளுக்குச் சில நாள்கள் முன்னதாகவே ஓட்டுநரும் மெக்கானிக்கும் ஒரு முடிவுக்கு வந்துவிட வேண்டும். தடத்துக்கு வந்தபின் மனம் மாறினால் பயனில்லை.

பல்லை மாற்ற முடியாதபோது மாற்றக்கூடியவை வேறு இருந்தன. அவற்றுள் எளியது டயர். பின்சக்கரத்தின் சுற்றளவை ஐந்து விழுக்காடு குறைத்தால், 4.11 பூட்டிய கார் 4.33 பூட்டியதைப் போல நடந்துகொள்ளும். அடுத்தது எடை. இருக்கை, கதவு உறை, பம்பர் எனக் கழற்றக்கூடியவற்றைக் கழற்றினால், திருப்பத்திலிருந்து மீளும் இழுவையில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். மூன்றாவது எஞ்சின். கேம்ஷாஃப்ட்டையும் கார்புரேட்டரையும் மாற்றி, உச்சத் திறன் வெளிப்படும் சுழற்சியை மேலே நகர்த்தலாம். இங்கிலாந்துக்காரர் எஞ்சினுக்கேற்ப அச்சைத் தேர்ந்தார். சோழவரத்துக்காரர் கையிலிருந்த அச்சுக்கேற்ப எஞ்சினைச் செதுக்க வேண்டியிருந்தது. கணக்கு அதேதான், தொடங்கும் இடம் மட்டும் தலைகீழ்.

இந்த வழிக்கும் எல்லை உண்டு. ஹெரால்டின் எஞ்சினில் கிராங்க் தண்டைத் தாங்குபவை மூன்று பேரிங்குகள் மட்டுமே. நீண்ட நேர்ப்பாதையில் தொடர்ந்து உயர் சுழற்சியில் விரட்டினால் முதலில் துன்பப்படுபவை அவையே. நேர்ப்பாதையின் கடைசிப் பகுதியில் ஆக்சிலரேட்டரைச் சற்றுத் தளர்த்துவதா, எஞ்சினைப் பணயம் வைப்பதா என்பது ஒவ்வொரு சுற்றிலும் எழும் கேள்வி. பொருந்தாத பின்னச்சு காலத்தை மட்டுமன்று, எஞ்சினின் ஆயுளையும் தின்னும். மாற்று எஞ்சினும் எளிதில் கிடைக்காத நாட்டில் அது சிறிய பணயமன்று.

அச்சின் அமைப்பும் தன் பங்குக்குக் குறுக்கிட்டது. ஹெரால்டின் பின்சக்கரங்கள் தனித்தனியாக ஊசலாடுபவை. திருப்பத்தில் வேகமாக நுழைந்தால் வெளிச்சக்கரம் உடலுக்கு அடியில் மடங்கிப் பின்புறம் தூக்கிக்கொள்ளும். எடையிழந்த உட்சக்கரம் வீணாகச் சுழலும். அந்நிலையில் கூடுதல் இழுவை தரும் விகிதம் கூட உதவாது. இழுவை தரைக்கு வராமல் புகையும் டயரோடு போய்விடும். 1972இல் வந்த ஸ்டாண்டர்டு கெஸல் காரில் இந்த அமைப்பைக் கைவிட்டு, இரு சக்கரங்களையும் ஒரே கூட்டில் இணைக்கும் கட்டி அச்சை வண்டலூர் கொண்டுவந்தது. இந்தியச் சாலைக்காகச் செய்யப்பட்ட அந்த மாற்றம், பந்தயத்தின் பார்வையிலும் பொருளுள்ளது.

‘நல்ல விகிதம்’ என்று இடம் சாராத ஒன்று இல்லை என்பதற்கு வங்காள விரிகுடாவின் மறுபக்கமே சான்று. இன்று ஸ்ரீ விஜயபுரம் எனப்படும் போர்ட் பிளேர் மேடும் பள்ளமுமான நகரம். அங்கிருந்து வடக்கே போகும் அந்தமான் நெடுஞ்சாலையில், ஜாரவா காப்பகத்தின் வழியே வாகனங்கள் வரிசையாக, முந்தாமல், மெதுவாகச் செல்ல வேண்டும். நடு நீரிணையில் வாகனப் படகில் ஏற வேண்டும். சோழவரத்தின் நேர்ப்பாதையில் எஞ்சினை அலறவைக்கும் 4.875, அந்தத் தீவுச் சாலையில் பொருத்தமான விகிதம். போர்க்கால ஜீப்பான வில்லிஸ் எம்.பி.யின் அச்சும் அதே எட்டுக்கு முப்பத்தொன்பதுதான். அதன் வழிவந்த சி.ஜே.-3பி வகையில் அது எட்டுக்கு நாற்பத்து மூன்று, அதாவது 5.38 ஆனது. ஒரே எண் ஓரிடத்தில் குறை, இன்னோரிடத்தில் நிறை.

இந்த எண்களைப் பற்றிப் பேசும் மொழியிலும் ஒரு சிக்கல் உண்டு. ‘உயர்ந்த விகிதம்’ என்றால் எது? எண்ணால் பார்த்தால் 4.875 உயர்ந்தது, 4.11 தாழ்ந்தது. வேகத்தால் பார்த்தால் 4.11தான் உயர்ந்தது. ஆங்கிலத்தின் பந்தய வழக்கில் ‘ஹை’ என்பது பெரும்பாலும் இந்த இரண்டாம் பொருளைக் குறிக்கும். பொறியியல் வகுப்பறையில் முதற்பொருள் தலைகாட்டும். தமிழில் ‘உயர் விகிதம்’ என மொழிபெயர்த்தால் குழப்பமும் சேர்ந்தே வந்துவிடும். உதிரிபாக வணிகம் இதற்கு எளிய தீர்வு கண்டிருக்கிறது: விகிதத்தைச் சொல்லாமல் பற்களைச் சொல்வது. ‘எட்டு முப்பத்தொன்பது’ என்றால் கடைக்காரருக்கும் மெக்கானிக்குக்கும் ஐயமில்லை. உயர்வு தாழ்வு பேசுவோரின் நோக்கைப் பொறுத்தது. பல்லை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அந்த எண்களில் இன்னொரு நுட்பமும் அடங்கியிருக்கிறது. 8ம் 39ம், 9ம் 37ம், 10ம் 43ம் பொது வகுஎண் இல்லாத இணைகள். அதனால் பினியனின் ஒவ்வொரு பல்லும் முறைவைத்துக் கிரவுனின் எல்லாப் பற்களையும் சந்திக்கும். தேய்மானம் ஓரிடத்தில் குவியாமல் எங்கும் பரவும். 8க்கு 40 என்றால் ஒரே பற்களே திரும்பத் திரும்ப மோதிக்கொள்ளும். பின்னச்சு விகிதங்கள் 5, 4.5 எனத் திருத்தமாக அமையாமல் 4.875, 4.11 என அமைவது இதனால்தான்.

‘அச்சு’ என்ற சொல்லின் கதையும் இங்கே சேர்கிறது. மாட்டுவண்டியில் அச்சு, இருசு என்பன சுமை தாங்கும் உறுப்பின் பெயர்கள். இழுப்பது மாடு, அச்சு தாங்கும், சக்கரம் அதன்மேல் சுழலும். பின்சக்கர உந்துதல் கொண்ட காரில் அச்சுக்குப் புதிய வேலை வந்தது. அது தாங்குவதோடு உந்தவும் தொடங்கியது. பழைய சொல் புதிய வேலையை முழுதும் தழுவவில்லை. கிரவுன், பினியன், டிஃபரன்ஷியல் ஆகிய சொற்கள் பட்டறைத் தமிழில் குடியேறின. சொல் கடன் வாங்கப்பட்ட இடத்தைப் பார்த்தால், தொழில்நுட்பம் எங்கே உண்மையில் மாறியது என்பது புலப்படும்.

1983இன் இறுதியில் மாருதி 800 வந்தது. எஞ்சின், கியர்பெட்டி, இறுதிப் பல்விகிதம் மூன்றும் முன்புறத்தில் ஒரே தொகுதியாயின. கோயம்புத்தூரின் கரிவரதன் அந்தத் தொகுதியை ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் வைத்து, குறைந்த செலவிலான ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கினார். 1990இல் இருங்காட்டுக்கோட்டையில், பந்தயத்துக்கென்றே கட்டப்பட்ட 3.7 கிலோமீட்டர் தடம் திறக்கப்பட்டது. அதில் பன்னிரண்டு திருப்பங்கள். விமானத்தளத்தின் நேர்கோடும் போயிற்று. வண்டியின் வாலில் இருந்த கிரவுன் வீலும் போயிற்று. ஒரே வகைத் தொகுதி கொண்ட கார்களின் பந்தயத்தில், கிடைக்காத பல்லைத் தேடி அலைய வேண்டிய நிலையும் குறைந்தது. உரிமமும் செலாவணியும் கூட்டியிருந்த தூரத்தை, எல்லோருக்கும் கிடைக்கும் ஓர் உள்நாட்டு எஞ்சின் ஓரளவு குறைத்தது.

முன்சக்கர உந்துதல் கொண்ட இன்றைய கார்களில் பின்னச்சு எதையும் உந்துவதில்லை. சுமையைத் தாங்குகிறது, அவ்வளவே. ‘அச்சு’ என்ற சொல் மாட்டுவண்டிக் காலத்துப் பழைய பொருளுக்கே திரும்பிவிட்டது. இடைப்பட்ட அரை நூற்றாண்டில் அது தாங்கிய வேறொரு பொருள், சோழவரத்துக் கார்களின் பின்னச்சுக் கூட்டில் பொறித்த பல் எண்களிலும், அவற்றைச் சாயம் தடவிச் சரிபார்த்த மெக்கானிக்குகளின் பேச்சிலும் இருக்கிறது. நெசவுக்கும் வேளாண்மைக்கும் வட்டாரச் சொற்களைத் தொகுத்த தமிழாய்வு, அந்தத் தலைமுறை இருக்கும்போதே பட்டறைகளுக்கும் செல்ல வேண்டும். இந்தியா தன் கார்களைத் தானே செய்யக் கற்ற காலத்தின் தொழில்நுட்ப வரலாறு அந்தப் பேச்சில்தான் பெரிதும் தங்கியிருக்கிறது.